ஃபியட்டுக்கு வந்த வாய்

21-7-96, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை காலையில் ஒரு பெட்டியை நீட்டினார். சட்டைத் துணி என்று நினைத்தேன். கார் அலாரம். "இதை மாட்டிட்டா உங்க வண்டியை ஒருத்தனும் திருட முடியாது மாமா."

என் வண்டி அப்பா வாங்கிய ஃபியட். அதன் டிரைவர் பக்கக் கதவு வெளியிலிருந்து திறக்காது. இடது பக்கம் ஏறி, சீட்டில் நகர்ந்து நகர்ந்துதான் ஸ்டியரிங்குக்கு வர வேண்டும். திருட வருகிறவனுக்கு நான்தான் கூட நின்று சொல்லித்தர வேண்டும். ஆனாலும் மாப்பிள்ளை முகம் வாடக்கூடாதே என்று சரி என்றேன்.

உக்கடத்தில் அப்துல் கையூம் கடைக்குக் கொண்டுபோனேன். இருபது வருஷமாக வண்டிக்கு வயர் வேலை எல்லாம் அவரிடம்தான். அவர் தங்கை மகன் தல்ஹா மாட்டினான், கெட்டிக்காரன். ஆறு விதமாகக் கத்துகிறது. போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ், குருவி, அப்புறம் எதுவோ பிரசவிப்பது போல ஒன்று. டேஷ்போர்டில் இருக்கும் பெருமாளுக்கும் ஒரு குட்டி லைட் போட்டுக் கொடுத்தான். கேட்காமலே செய்தான், நல்ல பையன்.

இன்ஜினைப் பூட்ட ரகசிய சுவிட்ச் ஒன்று உண்டாம். பூட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பினால் வண்டி நகராது, கத்தும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதோரம் வந்தான். "ஒரு தடவைதானுங்கய்யா சொல்லுவேன். சுவிட்ச் எங்க இருக்குதுன்னா—" அந்த நேரம் பார்த்து எவனோ பானெட்டில் சாய்ந்தான். ஆறு குரலும் ஒன்றன்பின் ஒன்றாக. தல்ஹாவின் வாய் அசைவது தெரிந்தது. கடைசியில், "—நீங்க மட்டும்தானுங்க தொடுவீங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது.

எனக்குக் கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நானும் தலையாட்டித் தொலைத்தேன். நாளை வந்து கேட்டுக்கொள்ளலாம்.

22-7-96

தல்ஹா விடியற்காலை விமானத்தில் ஷார்ஜா போய்விட்டான்.

எனக்கு இது எப்படித் தெரியும்? எட்டரை மணிக்கு லேத் பட்டறைக்குப் போக வண்டியில் உட்கார்ந்தேன். வழக்கம்போல் பெருமாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் செத்துக் கிடக்க, அலாரம் மட்டும் உயிரோடு கத்தியது. ரிமோட்டை அழுத்தினேன், கேட்கவில்லை. பேட்டரி வயரைப் பிடுங்கினேன், அப்போதும் கத்தியது. அதன் வயிற்றுக்குள் தனி பேட்டரி இருக்கிறதாம். சரியாக எட்டு நிமிஷம் கத்தி, தானாக ஓய்ந்தது. வயரைத் திரும்ப மாட்டி வைத்தேன். போன் போட்டதும் கையூம் பாய் ஸ்கூட்டரில் வந்தார், தல்ஹா போன சேதியோடு.

அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பிடிக்கும். கை வைக்கும் முன் மஞ்சள் துணியால் டேஷ்போர்டு முழுக்கத் துடைப்பார், பெருமாள் உட்பட. "சுத்தமில்லாத எடத்துல எனக்கு வேல ஓடாதுங்ணா." துடைத்தார், சாவியைத் திருப்பினார். வண்டி ஓடியது!

"ஒண்ணுமே செய்யலீங்களே நானு" என்றார்.

ஆனால் அந்த எட்டு நிமிஷத்தில் நடந்ததுதான் இன்றைக்கு முக்கியம். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே அண்ணாவின் தலை தெரிந்தது. என் சொந்த அண்ணன் கோவிந்தராஜுலு. "ஏனுங்க, வண்டிக்கு ஒடம்பு செரியில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

தமிழில் கேட்டார்.

இதை என்றைக்காவது எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியாளிடம்தான் தமிழ். எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், எழுத வராது. அதனால் வீட்டார் பேச்சையும் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். அண்ணா பேசுவதை மட்டும் அப்படி மாற்ற வேண்டியதே இல்லை. ஆறு வருஷமாக என்னிடம் அவர் பேசுவது அசல் தமிழ், அதுவும் வார்த்தைக்கு ஒரு 'ங்க' போட்டு.

தப்பு என்னுடையதுதான். என் மகள் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது, சாம்பார் வாளி வருகிற வழியில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். யாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். திரும்பினால் அண்ணா. "நான் வெளியாளுங்களா?" என்று தமிழில் கேட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு வெளியாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, அந்த மரியாதைதான் என்னைக் கொல்கிறது. முன்பெல்லாம் "ஒரேய்" என்றுதான் கூப்பிடுவார். அதற்கு டேய் என்று அர்த்தம்.

23-7-96

மறுபடி அதேதான். கையூம் பாய் வந்தார், துடைத்தார், ஓடியது.

24-7-96

அதே.

25-7-96

இன்று வெங்கடம்மாளைக் கோயிலில் விட வேண்டியிருந்தது. நான் பெருமாளைத் தொட்டுக் கும்பிட்டேன், அவளும் தொட்டுக் கும்பிட்டாள். ஒரு முனகல்கூட இல்லாமல் வண்டி கிளம்பியது. "பார்த்தீங்களா? மகராசி ஏறினாத்தான் ஓடும்" என்றாள் என் மனைவி.

28-7-96, ஞாயிறு

'நீங்க மட்டும்தான் தொடுவீங்க.' வண்டியில் நான் மட்டும் தொடுவது எது? ஹாரன், கியர், சோக்கு, சாம்பல் கிண்ணம், என் மூக்குக்கண்ணாடிக் கூடு, கால் மிதியடி, எல்லாவற்றையும் அமுக்கினேன், திருகினேன், இழுத்தேன். சோக்கு கையோடு வந்துவிட்டது. வெங்கடம்மாள் ஜன்னலில் நின்று, "ஒரு நாளாவது என்னை இப்படித் தேடியிருப்பீங்களா?" என்றாள்.

பெட்டியையே கழற்றி எறிய முடியாதா என்று கையூம் பாயிடம் கேட்டேன். "அம்புட்டு வயரையும் கறுப்புலயே போட்டு வெச்சிருக்கானுங்ணா. கேட்டா செக்யூரிட்டிம்பான். ஒண்ணு மாத்தி வெட்டிப்போட்டமுன்னா வண்டி அவ்வளவுதானுங்க." ஷார்ஜா விலாசம் வாங்கி தல்ஹாவுக்கு லெட்டர் போட்டிருக்கிறேன்.

1-8-96

அண்ணாவின் மகள் பிந்து சுவர் தாண்டி வந்தாள். அவளுக்கு ஆவணியில் கல்யாணம். பெரியவர்கள் சண்டை அவளுக்கு இல்லை. "சித்தப்பா, நம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் தாத்தா ஃபியட்லதானே மண்டபத்துக்குப் போனாங்க? நானும் அதுலதான் போவேன். அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினாள். "'வண்டி குடுப்பாங்களான்னு அவங்களைக் கேட்டுக்கோ'ன்னு சொன்னார்."

அவங்க! நான் அவங்க!

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அண்ணா வாயிலிருந்து எனக்கு ஒரு வார்த்தை தெலுங்கு வர வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். கல்யாணத்தன்று வண்டி ஒழுங்காக ஓடினால் ஒருவேளை வரும். காலை வாரினால் ஆயுசுக்கும் 'ங்க'தான்.

4-8-96, ஞாயிறு

வெங்கடம்மாளும் நானும் சம்பந்தியம்மாவை ரயில் ஏற்றப் போத்தனூர் போனோம். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே போனதும் இவளும் ஈரோடு வரை துணைக்குப் போகிறேன் என்று ரயிலில் ஏறிக்கொண்டாள். நான் தனியாகத் திரும்பி வந்து, பெருமாளைக் கும்பிட்டு, சாவியைத் திருப்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் ஆறு குரல்.

ஒரு போலீஸ்காரர் ஓடிவந்தார். டிரைவர் பக்கக் கதவை வெளியிலிருந்து இழுத்தார், திறக்கவில்லை. நான் இடது பக்கமாக நகர்ந்து இறங்குவதைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. "ஏனுங்க, சொந்த வண்டியில எவனாச்சும் இப்பிடி எறங்குவானுங்களா?" திருடனுக்கும் ங்க! என்ன ஊர் இது. ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினேன். எட்டு நிமிஷமும் சுற்றி நின்று கூட்டம் வேடிக்கை பார்த்தது. ஒருவர், "இதப்போயி திருடுவாங்களா பாவம்" என்றார். எனக்கா வண்டிக்கா பாவம் என்று புரியவில்லை.

கத்தி ஓய்ந்த பிறகு போலீஸ்காரர் உள்ளே தலையை நீட்டி இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் என்று ஏதேதோ பார்த்தார். பெருமாளைக் கண்டதும் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இப்ப எடுத்துப் பாருங்க" என்றார். ஓடியது.

வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். கையூம் பாய், வெங்கடம்மாள், போலீஸ்காரர். இப்போது பிடிபட்டுவிட்டது. வண்டி என்னைத் தனியாக நம்பவில்லை. கூட ஒரு ஆள் இருந்தால் ஓடும்.

11-8-96

ஆள் இருந்தால் ஓடும் என்பது நிச்சயம். ஒரு வாரமாக வெங்கடம்மாளோடுதான் பட்டறைக்குப் போகிறேன். அவள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, லேத் ஓட்டும் மாசாணத்துக்கு யோசனை சொல்கிறாள். மாசாணம் வேறு வேலை தேடுவதாகக் கேள்வி.

18-8-96, ஞாயிறு

ஆவணி பிறந்ததும் அண்ணாவும் அண்ணியும் பத்திரிகை வைக்க வந்தார்கள். ஒரே சுவர், ஆனாலும் தெருவைச் சுற்றி, வாசல் வழியாக, செருப்பை வெளியே விட்டுவிட்டு. தாம்பாளத்தை நீட்டி அண்ணா சொன்னார்: "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க."

வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் முகம் கழுவினேன். எனக்கு ஐம்பத்தாறு வயது.

26-8-96, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது?

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. வெங்கடம்மாள் ஆறு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டாள். எனக்குப் பயமே இல்லை, வண்டியில்தான் ஆள் இருக்கிறார்களே! பின்சீட்டில் பிந்து, மடி நிறையப் பூவும் தாம்பாளமும். பக்கத்தில் அண்ணி. அண்ணா என்னோடு உட்கார மாட்டார், அவருக்கு வேன். ஆனாலும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் நாகஸ்வரக்காரர்கள். தெருவே கூடி நின்றது.

அப்பாவை நினைத்துக்கொண்டேன். பெருமாளை இன்று கொஞ்சம் அழுத்தியே தொட்டுக் கும்பிட்டேன். சாவியைத் திருப்பினேன்.

ஐயோ.

முதலில் போலீஸ் வண்டி. பிறகு ஆம்புலன்ஸ். நாகஸ்வரக்காரர் கொஞ்ச நேரம் போட்டி போட்டுப் பார்த்து, குருவி வந்ததும் விட்டுவிட்டார். அண்ணி காதைப் பொத்திக்கொண்டு அழுகிறார். பிந்து சிரிக்கிறாள், பூ எல்லாம் குலுங்குகிறது. நான் ரிமோட்டை அமுக்குகிறேன், ஹாரனை அமுக்குகிறேன், என் கண்ணாடிக் கூட்டை அமுக்குகிறேன் — என்ன பண்றேன்னே தெரியல. நேரம் போகுது. கல்யாணப் பொண்ணை வெச்சுக்கிட்டு நடுத்தெருவுல! போச்சு, எல்லாம் போச்சு, இனி என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு—

அப்போது வாசலிலிருந்து, ஆறு குரலுக்கும் மேலே ஏழாவதாக ஒரு குரல்.

"ஒரேய் வரதா! தானி நோரு முய்யரா!"

டேய் வரதா, அதன் வாயை மூடுடா. தெலுங்கில். தெரு முழுக்கக் கேட்கும்படி. தமிழுக்கு மாற்றாமல் அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் எழுத முடியாத இன்னும் நாலு வார்த்தை சொன்னார். பிறகு, "கோவிந்தா!" என்று பெருமாள் மேல் கையை அழுத்தினார். சட்டென்று கத்தல் நின்றது. "பண்டி தீய்ரா" என்றார். வண்டியை எடுடா. எடுத்தேன், ஓடியது. மண்டபம்வரை கண்ணில் தண்ணீர், ரோடு சரியாகத் தெரியவில்லை. அண்ணா நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தாலி கட்டும்போது அண்ணா பக்கத்தில்தான் நின்றேன். பந்தியில் என்னிடம் வந்தார். இப்போது 'ஏரா', அதாவது என்னடா, என்று ஆரம்பிப்பார் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"சாப்பிட்டீங்களா?" என்றார்.

27-8-96

கோபம் போனதும் மரியாதை திரும்பி வந்துவிட்டது. என்ன மனுஷர் இவர்.

3-9-96

சுவருக்கு அப்பாலிருந்து: "தினத்தந்தி படிச்சுட்டீங்கன்னா குடுத்து உடுங்க." கொடுத்தேன்.

10-9-96

ஷார்ஜாவிலிருந்து தல்ஹாவின் லெட்டர். சலாம், சௌக்கியம், அங்கே வெயில் என்று ஒரு பக்கம். பிறகு:

"ஐயா, சுவிட்ச் பெருமாளுக்கு அடியிலதானுங்க இருக்கு. அன்னைக்கே சொன்னேனே. சாமியை ஒரு அமுக்கு அமுக்கினா இன்ஜின் பூட்டும், இன்னொரு அமுக்குக்குத் தொறக்கும். களவாணி எவனும் சாமி மேல கை வெக்க மாட்டான், நீங்க மட்டும்தானுங்க தொடுவீங்க. லைட்டு போட்டதே அந்த வயரை மறைக்கத்தானுங்க."

இரண்டு தடவை படித்தேன். ஒன்றரை மாதமாகத் தினமும் பயபக்தியோடு என் வண்டியை நானே பூட்டியிருக்கிறேன். கையூம் பாயின் துணி, வெங்கடம்மாளின் கை, போலீஸ்காரர், கடைசியில் அண்ணா, எல்லோரும் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

வெங்கடம்மாள், "நல்லதாப் போச்சு. இனிமே தொடாம கும்பிடுங்க, கத்தவே கத்தாது" என்றாள்.

கத்தவே கத்தாது. அதைத்தான் ராத்திரிச் சாப்பாடு வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

11-9-96

காலை எட்டரை. வண்டியில் உட்கார்ந்தேன். அண்ணா சுவருக்கு அந்தப்பக்கம் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளும் என்று பெருமாளிடம் சொல்லிவிட்டு, அவரை நன்றாக அமுக்கினேன். சாவியைத் திருப்பினேன்.

"ஒரேய்!"

வண்டி எட்டு நிமிஷம் கத்தியது. அண்ணா ஏழு நிமிஷம் திட்டினார். நடுவில் ஒரு 'ங்க' கூட இல்லை.

12-9-96

அதே.

13-9-96

அதே. அப்பா காலத்துத் திட்டு ஒன்றை இன்று எடுத்தார். நானே மறந்துபோயிருந்தேன்.

16-9-96

காய்ச்சல். பட்டறைக்குப் போகவில்லை, வண்டியைத் தொடவில்லை. ஒன்பது மணிக்கு வாசலில் நிழல் தெரிந்தது. தெருவைச் சுற்றி வரவில்லை, சுவர் ஏறிக் குதித்திருக்கிறார், வேட்டியில் சுண்ணாம்பு. அறுபத்தொரு வயது அவருக்கு. கையில் ஒன்றும் இல்லை, சும்மா வந்து கட்டிலில் உட்கார்ந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"ஏமிரா, ஈ ரோஜு அரவலேதே?"

என்னடா, இன்றைக்குக் கத்தவில்லையே.