யாருடைய கை

இன்று காலை மருந்துக்கடையில் ஒருவர் பிரஷர் பார்த்துவிட்டு, கையில் சுற்றிய பட்டையைச் சர்ரென்று பிரித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் உங்கள் மேல் எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. போய்ச் சேர்ந்த புருஷன் மேல் என்ன சந்தேகம் என்று மகள் சிரிப்பாள். உங்களோடு குடும்பம் நடத்தியவள் அவளா, நானா?

தொண்ணூறுகளின் கடைசியில் குருபோங் தொழிற்பேட்டையில் ஃபேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். ரத்தக் கொதிப்பு என்று சொல்லி, கிளினிக்கில் ஒரு கருவியைக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டிலேயே அளந்து, மகளின் கம்ப்யூட்டரிலிருந்து ஈமெயில் அனுப்ப வேண்டும்; கிளினிக் தாதி பார்த்துப் பதில் எழுதுவார். அவரை நாம் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். டெலிபோன் கம்பி வழியாக வைத்தியமா என்று நானும் நம்பவில்லை. நீங்கள் ஒரு படி மேலே போனீர்கள்.

"கம்ப்யூட்டர்ல போனா கம்பெனிக்கும் தெரிஞ்சிரும்லா. பஸ்ஸ விட்டு எறக்கிடுவானுங்க. நீ கைய நீட்டு," என்று பட்டையை என் கையில் சுற்றினீர்கள்.

"ஏங்க, இது திருட்டு வேல இல்லயா?"

"ஒனக்குத்தான் ஒன்னும் இல்லயே. நல்ல நம்பரா வரும்."

அறைக்குள்ளிருந்து நீங்கள் எண்ணை உரக்கச் சொல்வீர்கள். ஹாலில் மகள் அது அப்பாவுடையது என்று நம்பித் தட்டி அனுப்புவாள். எனக்கு அந்த எண்கள் புரியாது. உப்பைக் குறையுங்கள் என்று மிஸ்ஸி எழுதினார். உடனே செர்காம் மீனவர் கிராமத்திலிருந்து வாங்கி வரும் கருவாட்டை நிறுத்தினீர்கள். "நீயும் தின்னாத," என்று வேறு அதட்டினீர்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மாத்திரையை உண்மையிலேயே சாப்பிடுகிறீர்களா என்று அடுத்த பதிலில் கேட்டிருந்தார். அவருக்கும் சந்தேகம்தான்.

நீங்கள் கிளினிக்குக்குப் போய்வந்த மறுநாள் போன் அடித்தது. மிஸ்ஸிதான். நீங்கள் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு நகர்ந்துகொண்டீர்கள்.

"அம்மா, இங்க அளந்தா ஒரு மாதிரி இருக்கு, வீட்லேருந்து வர்றது வேற மாதிரி இருக்கு. உண்மைய சொல்லுங்க, அது யாரு கை?"

"என் கைதாம்மா."

"அப்ப நீங்க ஒடனே கெளம்பி வாங்க. லேட் பண்ணாதீங்க."

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பக்கவாதம் வந்து விழுந்திருப்பேன் என்றார் டாக்டர். மாத்திரை தொடங்கினேன். கம்பெனிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் மட்டும் நினைத்தால் மாத்திரை, இல்லாவிட்டால் இல்லை என்று இருந்தே போய்விட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நாளில் தலைவலியைத் தைலம் தடவியே மறைத்தவள் நான். தலை சுற்றி அடுப்படிச் சுவரைப் பிடித்து நின்றதை உங்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. கிளினிக் என்றாலே, "இல்லாத வியாதியெல்லாம் சொல்லுவானுங்க," என்று சண்டைக்கு வருவேன். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

வேலை போய்விடும் என்று பயந்தவர், என் எண் ஏறி வந்தபோது குறைத்துச் சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஹாலில் இருந்தவளுக்கு என்ன தெரியப்போகிறது? ஒரு தடவைகூட மாற்றாமல், வந்தது வந்தபடியே ஏன் வாசித்தீர்கள்?

நீங்கள் உயிரோடு இருந்தபோது நான் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உனக்காக இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். இந்த ஒரு சந்தேகம் எனக்குத் தீரவே வேண்டாம்.