வெள்ளைக் கன்னக் குரங்கு

அருணாசலப் பிரதேசம்
12.11.2017

அன்புள்ள செசிலியாவுக்கு,

நான் நலம். குழந்தை நித்யாவின் இருமல் நின்றதா?

நாங்கள் அணைக்குச் சர்வே எடுக்கும் காட்டில் வெள்ளைக் கன்னத்தோடு ஒரு குரங்கு இருக்கிறது. இரண்டு வருடம் முன்புதான் புது இனமென்று பேர் வைத்தார்கள். அதற்காக அணையையே நிறுத்தச் சொல்லி டில்லியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். நம் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது யார் வந்தார்கள்? “நீங்க வாலோட பொறந்திருக்கணும்ண்ணே” என்று கூட வேலை செய்யும் ஜெப்ரின் சிரிக்கிறான்.

குரங்கே இல்லையென்று எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். நேற்றுதான் ஒன்று குட்டியை அணைத்தபடி என்னையே பார்த்தது. அதன்மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் பார்த்தேன் என்றே எழுதிவிட்டேன். இனி என்னை இங்கே வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் தங்கியிருக்கும் உன் அண்ணன் குவார்ட்டர்ஸில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் கேட்டு வை. லீவில் வருகிறேன் என்றே சொல். ஜீப் கிளம்புகிறது.

ஆனந்த்ராஜ்