காமாட்சியைத் திரும்பக் கேட்டவர்கள்

என் பிலோ அக்காவுக்கு,

ஆண்டவர் உன்னைத் தம் நிழலில் வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுகிற கடிதம். பிழை இருந்தால் பழையபடி திட்டிக்கொள்.

வீட்டு விஷயத்தை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதலாமா என்று நீ கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மைக் வைத்தே வாசித்தாகிவிட்டது அக்கா. இனி மூடி வைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதை முதலில் சொன்னால் உனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சீரியலில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

‘சதாசிவம் வீட்டு சங்கதி’ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உன் மகள் ஜெனிட்டாவின் போனில் பார்ப்போமே, இயர்போனின் ஒரு முனை உன் காதில், மறு முனை என் காதில். சதாசிவம் உடம்பைக் குறைக்கிறேன் என்று பழைய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கி வருவார். மறுநாள் அவர் பெண்டாட்டி காமாட்சி அதன் மேல் துணி விரித்து வடாம் காயவைத்திருப்பாள். நீ சிரித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து போனைப் பிடுங்கினாள். அப்போதும் விடாமல், “வடாம் காஞ்சுதா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லு சிஸ்டர்” என்றாய்.

அந்தக் காமாட்சி செத்துப்போய்விட்டாள். உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது.

அந்த நடிகைக்கு வேறு எங்கோ நல்ல வேடம் கிடைத்ததாம். ஒரு திங்கட்கிழமை டிவியைப் போட்டால் சுவரில் காமாட்சியின் படம், அதற்குச் சந்தன மாலை. சாவு இல்லை, எடுப்பு இல்லை, ஒன்றும் காட்டவில்லை. சதாசிவம் படத்தைப் பார்த்து, “காபிப் பொடி எங்கடி வெச்சே?” என்று கேட்கிறார். பின்னால் வழக்கமான அந்தச் சிரிப்புச் சத்தத்தைப் போட்டார்கள். என்னால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.

பிறகு மாடியில் வனஜா என்று ஒரு பாட்டு டீச்சர் குடிவந்தாள். கல்யாணம் ஆகாதவள், ஐம்பது தாண்டியவள். சதாசிவம் ரசம் வைக்கத் தெரியாமல் மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்தார். அதோடு பிடித்தது சண்டை. சீரியலுக்குள்ளே இல்லை, வெளியே.

போனில் அந்தத் தொடரின் ஒவ்வொரு பகுதிக்குக் கீழேயும் ஜனங்கள் எழுதுவார்கள். சமையல் முடித்துவிட்டு எல்லாவற்றையும் வாசிப்பேன். “இந்த வயசுல இவருக்கு இது தேவையா” என்று ஒருத்தர். “எங்கப்பா தனியாவே செத்தார், தேவையா இல்லையான்னு எங்களைக் கேளுங்க” என்று அடுத்தவர். “குடும்பத்தோட பாக்கற சீரியலை நாசம் பண்ணிட்டீங்க” என்று இன்னொருவர். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் சம்மதம், அந்தப் பக்கம் மறுப்பு என்று குறிக்கத் தொடங்கினேன். எனக்குத்தான் எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்தால்தானே மனசு அடங்கும். “நீ மேல போனா ஆண்டவர்கிட்டயும் ரசீது கேப்ப” என்று கிண்டல் பண்ணுவாயே.

பாதியில் விட்டுவிட்டேன். இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் வனஜாவைப் பற்றிப் பேசவே இல்லை. “காமாட்சியைத் திரும்பக் கொண்டு வாங்க” என்று மட்டும் எழுதினார்கள். கதைதானே, ஏதாவது சொல்லிக் கொண்டுவரலாமே. ஒரு நாள் நானும் அதையே எழுதினேன். முதன்முதலாக என் பெயரைப் போட்டு ஊர் பார்க்க எழுதியது அதுதான்.

நம் அன்பிய ஜெபக் கூட்டத்திலும் அதே பேச்சு. ஜெபமாலை முடிந்து சுண்டல் கையில் வந்ததும் லூர்து அக்கா தொடங்கிவிடுவார். “கட்டினவ படத்துல மாலை வாடல, அதுக்குள்ள மாடிப்படி ஏர்றான் பாரு.”

“அது பிளாஸ்டிக் மாலைக்கா, வாடாது” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

“நீ சும்மா இருடா அந்தோணி.”

“இன்னாக்கா இது, மனுஷன் ரசத்துக்குத்தான போறான்.”

எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் அங்கேதான் இருந்தார், வாசல் ஓரமாக. உன் புருஷன் சிரிக்கவில்லை. சுண்டல் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். நான் அதைப் பார்த்தேன், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மந்தைவெளியில் உன் வீட்டில் சாப்பாடு. ஜெனிட்டாவும் மாப்பிள்ளையும் நங்கநல்லூரில் இருந்து வந்திருந்தார்கள். நான் மீன் குழம்பு வைத்து எடுத்துப்போயிருந்தேன். டிவியில் பழைய பகுதியை மறுபடியும் போட்டிருந்தார்கள்.

“அப்பா, அதை நிறுத்துங்களேன். அம்மா போட்டோவுக்குக் கீழயே ஓடுது” என்றாள் ஜெனிட்டா.

“அம்மாவுக்குப் பிடிச்ச சீரியல்மா.”

“அம்மா பாத்தது வேற. இது வேற.”

மாப்பிள்ளை நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். “மாமா, நீங்க எந்தக் கட்சி? காமாட்சியா, வனஜாவா?” என்றார். ஜெனிட்டாவும் சிரித்தாள், நானும்தான். அத்தான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலைப் பூசை முடிந்து அத்தான் என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். ஆறுகிற வரைக்கும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெஜி, அந்த வனஜாவை அவர் கட்டிக்கிட்டா தப்பா?”

“கதைதானே அத்தான்.”

“ஆமா. கதைதான்.” டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு, “எனக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சரம்மா இருக்காங்க” என்றார்.

பெயர் விக்டோரியா. தேனாம்பேட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லறைத் திருநாளில் உன் கல்லறையில் அத்தான் ஏற்றிய மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லையாம். அடுத்த வரிசையில் தன் அம்மாவின் கல்லறைக்கு வந்திருந்த விக்டோரியா, ஒரு டால்டா டப்பாவைக் கவிழ்த்துக் காற்றுக்கு மறைத்து வைத்தாராம். பேச்சு அங்கே தொடங்கியது. உன் காலடியில். இதைச் சொல்லும்போது அத்தானின் முகம் எப்படிச் சுருங்கியது என்று உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

“பெரிசா ஒண்ணும் இல்ல ரெஜி. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருத்தர் டோக்கன் வரிசைல நிக்கலாம், ஒருத்தர் உக்காரலாம். அவ்வளவுதான் நான் நெனச்சது” என்றார். எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “பிலோவுக்கு அடுத்து நீதான். நீ வேண்டாம்னா விட்டுடறேன்.”

அக்கா, அந்த மூட்டையை என் தலையில் ஏன் வைத்தார்? நான் யார் உனக்காகச் சொல்ல?

ஜெனிட்டாவுக்குத் தெரியாமல் இருக்குமா. லூர்து அக்கா மூலமாகவே போய்ச் சேர்ந்தது. போனில் முதலில் அழுதாள், பிறகு கத்தினாள். “அந்த சீரியலைப் பாத்துத்தான் சித்தி, அப்பா இப்படி ஆயிட்டார். நீங்க வேண்டாம்னு சொல்லுங்க, கேப்பார்.” கடைசியில் குரல் இறங்கிப்போய், “அம்மா இதுக்கு ஒத்துக்கிட்டிருப்பாங்களா? நீங்கதானே கடைசி வரைக்கும் கூட இருந்தீங்க, சொல்லுங்க” என்றாள்.

அதன் பிறகு எனக்கு ஜெபத்தில் மனசு நிற்கவில்லை. நீ அந்த சீரியலைப் பார்த்துச் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சதாசிவம் பூட்டிய வீட்டுக்கு வெளியே சாவி இல்லாமல் நிற்கிற பகுதியில், “இவன்லாம் நான் இல்லாட்டி ஒரு நாள் தாங்க மாட்டான்” என்றாய். காமாட்சியாகவே மாறிப் பேசினாய். நாம் சிரித்தோம். அப்போது அத்தான் கீழே மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தார். தாங்க மாட்டான் என்று பரிதாபப்பட்டாயா, இல்லை தாங்கக் கூடாது என்று ஆசைப்பட்டாயா? கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்கலாம் என்பது போல இருந்துவிட்டேன்.

அத்தானுக்கு நான் பதில் சொல்லவில்லை. வாரங்கள் போயின. சீரியல்காரர்கள் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டார்கள். சண்டை தாங்க முடியாமல் வனஜாவைக் கோயம்புத்தூர் ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். சதாசிவம் வீட்டுக்கு வந்து, மாலை போட்ட படத்தைப் பார்த்து, “காபிப் பொடி எங்கடி வெச்சே?” என்றார். மறுபடியும் அந்தச் சிரிப்புச் சத்தம். “குடும்பக் கதையைக் காப்பாத்திட்டாங்கப்பா” என்றார் லூர்து அக்கா. போனில் ஜனங்கள் கைகூப்புகிற படமாகப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் இட்லி மாவு கொடுக்க மந்தைவெளிக்குப் போனேன். அத்தான் டிவியின் மேல் உன் பழைய சால்வையை விரித்து மூடியிருந்தார். துவைத்த சட்டைகள் கொடியிலிருந்து எடுத்தபடி நாற்காலியில் குவிந்து கிடந்தன. இஸ்திரி போடாத சட்டையோடு வாசல்படி தாண்டாத மனுஷன் அக்கா அவர். அடுப்பில் முதல் நாள் சோறு.

“சாப்பிட்டீங்களா அத்தான்?”

“ம்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. யோசித்தார், நிஜமாகவே யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

சதாசிவத்துக்கு வழி சொல்ல ஊரே இருந்தது. இந்த மனுஷனுக்கு நான் ஒருத்திதான். மாவுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். “அக்கா என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியாது அத்தான். நான் சொல்றேன். ஓலை கொடுத்துடுங்க.”

அவர் சந்தோஷப்படவில்லை. உன் படத்தைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

ஓலை என்றால் நம் சபைக்கு வெளியே படிப்பவர்களுக்குத் தெரியாது. இன்னார் இன்னாரை மணக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிறும் முடிய வேண்டும் என்று அத்தான் அவசரமாகக் கொடுத்தார். உன் இரண்டாம் வருஷ நினைவுப் பூசைக்கு நான் முன்கூட்டியே கோவிலில் உன் பெயரை எழுதிவைத்திருந்தேன், வழக்கம்போல. முதல் ஓலைக்கும் அதே ஞாயிறு, அதே முதல் பூசை. கோவில் உபதேசியார் போன் பண்ணினார்.

“ரெண்டும் ஒண்ணா வருதும்மா. பூசையை வேற நாளைக்கு மாத்திடவா? இல்ல, ஓலையத் தள்ளணும். தள்ளினா ஈஸ்டருக்கு அப்புறம்தான்.”

உன் நாளை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. அவரை இன்னும் காக்கவைக்கவும் வரவில்லை. “இருக்கட்டும், ரெண்டும் இருக்கட்டும்” என்றேன்.

ஜெனிட்டா உன் பூசைக்காக வந்திருந்தாள். நீ வாங்கித் தந்த சந்தனக் கலர் சேலை. ஓலை கொடுத்ததை அவளிடம் முன்னாலேயே சொல்ல அத்தானுக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. பூசைத் தொடக்கத்தில் உன் பெயரை வாசித்தார்கள், பிலோமினாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பூசை முடிவில் அறிவிப்புகள். சேவியர், காலஞ்சென்ற பிலோமினாவின் கணவர், என்று அதே வாய் வாசித்தது. ஒரே பூசையில் இரண்டு தடவை உன் பெயர் அக்கா. என் கையில் இருந்த கை மெதுவாக விலகியது. கடைசி ஆசீருக்குக்கூட நிற்காமல் அவள் நடுப்பாதையில் நடந்து வெளியே போனாள். செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

அன்றிலிருந்து என் போனை அவள் எடுப்பதில்லை.

தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றபோது நான் இடப்பக்கம் பார்த்தேன். நீ உட்காருகிற இடம். அதை இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் என் பையை வைத்துக்கொள்கிறேன். சொல்ல உரிமை உள்ளவள் நீ ஒருத்திதான். நீ ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எழுதுவதா? எனக்கு அப்படி எழுத வராது அக்கா. இல்லாததை இல்லை என்றுதான் எழுதிப் பழக்கம்.

இன்னும் இரண்டு ஓலை இருக்கிறது. இரண்டுக்கும் அதே பெஞ்சில், உன் இடத்தை விட்டு உட்காருவேன். கல்யாணத்தன்று அத்தான் பக்கத்தில் நிற்க நம் குடும்பத்தில் ஒருத்தியாவது வேண்டும், நான் நிற்பேன். மறுநாள் நங்கநல்லூருக்குப் போவேன். கதவு திறக்காவிட்டால் அடுத்த நாளும் போவேன். திறந்தால், உன் பிள்ளை என்னை என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வேன். ஆனால் “உங்கம்மா ஒத்துக்கிட்டிருப்பா” என்று மட்டும் சொல்ல மாட்டேன். இது சத்தியம். உன் பெயரில் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட மாட்டேன்.

கீழே இருப்பது என்னுடையது மட்டும்.

உன் தங்கை,
ரெஜினா