பச்சமுத்து உட்கார்ந்த இடம்

செஞ்சி,
4-12-66

என் அன்புப் பேத்தி நீலாவதிக்கு, ஆயா உண்ணாமலை மனதார ஆசீர்வாதம் செய்து எழுதுவது.

இங்கே உன் நைனா, அம்மா, நான் எல்லோரும் சுகம். மழை விட்டு நாலு நாளாக நல்ல வெயில். அங்கே புயலில் நீ ஹாஸ்டலை விட்டு வெளியே போகவில்லை என்று எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

முதலில் நம் பிள்ளைகள் சமாசாரம். உன் தம்பி கனகராஜ் கால்பரீட்சையில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி ரெண்டு எங்கேடா என்றால், "வாத்தியாருக்கும் கொஞ்சம் இருக்கட்டும் ஆயா" என்கிறான். உன் தங்கை வள்ளியம்மை டைப்பில் லோயர் முதல் வகுப்பில் பாஸ். கடைத்தெருவில் அந்த சர்ட்டிபிகேட் வாங்கிய முதல் பெண் நம் வீட்டுப் பெண்தான். உன் அத்தை மகன் இராமச்சந்திரனுக்கு நெய்வேலியில் வேலை நிரந்தரமாகி குவார்ட்டர்ஸும் கொடுத்துவிட்டார்கள். சுவிட்சைத் தட்டினால் காற்று வருகிறதாம். எல்லாருக்கும் மேலே நீ. கடைக்கு வருகிறவர்கள் மிளகாய் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், ரேடியோவில் பாடின பொண்ணு எப்படி இருக்குது என்றுதான் கேட்கிறார்கள். கேட்காதவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன். அது என் சுபாவம், உனக்குத் தெரியும். அந்தச் சுபாவத்தால் நான் செய்து வைத்திருக்கும் காரியத்தைத்தான் இனிமேல் எழுதப் போகிறேன். இதைத் தனியாக உட்கார்ந்து படி.

வருகிற இருபதாம் தேதி அந்தப் படகுப் பாட்டை ரேடியோவில் மறுபடியும் பாட வேண்டும், இந்தத் தடவை பதிவு செய்து வைத்துக்கொண்டு வேண்டும்போதெல்லாம் போடுவார்கள் என்று எழுதியிருந்தாய். உன் நைனா கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தான். எனக்குக் கொடுத்ததை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். பாடுவதற்கு முன்னால் அது நம் குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று நாலு வார்த்தை பேச வேண்டும், எழுதி அனுப்பு ஆயா என்று கேட்டிருந்தாய். இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றாவது இது.

அது நம் குடும்பத்துப் பாட்டு இல்லை, கண்ணு.

வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கருவாட்டுக் கூடையோடு வருவாளே காத்தாயி, மரக்காணத்துப் பக்கம் குப்பத்துக்காரி, அவள் பாட்டு அது. நம் கடைச் சுவர் நிழலில்தான் கூடையை இறக்குவாள். நாம் கருவாடு தொடாதவர்கள் என்று, கையை மூன்று தரம் கழுவிக்கொண்டுதான் தண்ணீர் கேட்பாள். நீ அப்போது கைக்குழந்தை. உன் அம்மா ஜுரத்தில் படுத்துவிட்டாள். நீயோ ஓயாமல் அழுகை. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் உன்னை அவள் மடியில் போட்டேன். அவள் பாடினாள். பாட்டு முடிவதற்குள் நீ தூங்கிவிட்டாய். அதன் பிறகு வாராவாரம் அதே மடிதான், அதே பாட்டுதான்.

அந்தப் பாட்டு என்ன என்று அப்போதே கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். நீ பிறப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஓர் ஐப்பசிப் புயலில் அவர்கள் குப்பத்துப் படகு ஒன்று ஐந்து பேரோடு போய்த் திரும்பவில்லை. அதில் கடைசி ஆள், தண்ணீர் இறைக்கப் போனவன், அவள் தம்பி பச்சமுத்து. பதினாறு வயசு. அவர்களுடைய அம்மா கட்டின பாட்டு. படகில் யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்களோ அந்த வரிசையில்தான் பேர் வரும், ஒன்றையும் மாற்றக் கூடாது. குழந்தைக்கு இதையா பாடுவே என்று கேட்டதற்கு, "எனக்கு வேற பாட்டு தெரியாதும்மா" என்றாள்.

ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. அவள் வராத நாட்களில் நான் பாடினேன். கடலில் போனவர்கள் பேரைப் பச்சைக் குழந்தை காதில் போடுவதா என்று பயந்து பேர்களை எடுத்துவிட்டேன். முருகையன் இருந்த இடத்தில் வேலவன், ராஜாங்கம் இருந்த இடத்தில் விநாயகன், இப்படி நாலு இடத்திலும் சாமி பேர். தாலாட்டில் பிள்ளை பேரைச் சேர்ப்பது வழக்கம்தானே என்று ஐந்தாவது இடத்தில் உன் பேரைப் போட்டேன். பச்சமுத்து உட்கார்ந்திருந்த இடத்தில் உன்னை உட்கார வைத்தேன். கடைசியில் படகு கரைக்கு வந்து சேர்வதாக ஓர் அடியும் நானே கட்டிச் சேர்த்தேன். அதைத்தான் நீ கற்றுக்கொண்டாய். அதற்குத்தான் காலேஜில் பரிசு வாங்கினாய்.

இதுவரைக்கும்கூட என் மனது என்னை மன்னித்துவிடும். நீ பரிசு வாங்கியதும் வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தாரே, அதைத்தான் மன்னிக்க மாட்டேன் என்கிறது. இந்தப் பாட்டு யாருடையதம்மா என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காத்தாயி சுவருக்கு அந்தாண்டை கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பாள். நான், "எங்க அம்மா எனக்குப் பாடினது, நான் பேத்திக்குப் பாடினேன்" என்று சொல்லிவிட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள் என்னை. என் பேரை அச்சில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தோன்றிவிட்டது. வேறு காரணம் ஒன்றும் இல்லை. பத்திரிகை வந்தது. பார்த்தேன். தெருவெல்லாம் காட்டினேன்.

நீ ஆவணியில் ரேடியோவில் பாடியதைக் காத்தாயி அவள் ஊர் டீக்கடையில் நின்று கேட்டிருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். கூடையை இறக்கவில்லை. "சாமிங்களுக்கு இன்னாத்துக்கும்மா படகு? ஒண்ணுக்கு மயிலு, ஒண்ணுக்கு எலின்னு அதுங்களுக்குத்தான் வண்டி இருக்குதே" என்றாள். நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "தண்ணி எறைக்கிற எடத்துல உங்க பேத்தி ஒக்காந்துனு இருக்குது. இருக்கட்டும், என் மடியில தூங்கின புள்ளதான். என் தம்பிய எங்கம்மா எறக்கி உட்டீங்க?" என்று கேட்டாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு சந்தைக்கு வரவே இல்லை.

இரண்டரை மாதம் பார்த்தேன். போன புதன்கிழமை மயிலம் கோயிலுக்குப் போகிறேன் என்று உன் நைனாவிடம் பொய் சொல்லிவிட்டு (அதையும் சேர்த்துக்கொள்) திண்டிவனத்தில் பஸ் மாறி மரக்காணம் போனேன். விசாரித்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தேன். காத்தாயி மணலில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள், உட்காருங்க என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே, பாட்டைச் சரியாக எழுதிக்கொண்டு போக வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் மீனையே புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பாடினாள். நான் பென்சிலால் எழுதியது இது. பேரும் வரிசையும் மாறாமல் எழுதியிருக்கிறேன்.

அணியத்துல முருகையா,
அலைய எண்ணிப் போறியா?
எடப்பொறத்து ராஜாங்கம்,
இழுத்த கையி நோவுதா?
வலப்பொறத்து அரிகிட்ணா,
வலைய சுருட்டி வச்சியா?
சுக்கான் புடிச்ச சுந்தரமே,
சூறக் காத்தப் பாத்தியா?
தண்ணி எறைக்கும் பச்சமுத்து,
தாயி கொரலு கேக்குதா?

அணியம் என்றால் படகின் முன்பக்கமாம். சுந்தரம் என்பது சுந்தரமூர்த்தி. இதோடு பாட்டு முடிந்தது. கரைக்கு வருகிற அடி கிடையாது.

நான் இருபது வருஷமாக அறியாத ஒன்றை அன்றைக்கு அறிந்தேன். அவள் முருகையன் பேரைச் சொன்னதும் பக்கத்துக் குடிசையிலிருந்து ஒருத்தி "ஓ" என்றாள். ராஜாங்கம் என்றதும் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர் "ஓ" என்றார். அந்தந்த வீட்டு ஆள் அவனுக்குப் பதிலாகக் குரல் கொடுக்க வேண்டுமாம். நாலு பேருக்கும் குரல் வந்தது. பச்சமுத்து என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை. அலைச் சத்தம்தான். அவளும் ஒரு ஓ சொல்கிற நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த அடியைப் பாடினாள். ஏன் என்று கேட்டேன். மாரியம்மாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "பேர் சொல்லிப் பாடறவ ஓ சொல்லக் கூடாதும்மா. அவங்கம்மா இருக்கசொல்ல அது பாடும், இவ சொல்லுவா. அது செத்துப் பூட்டுது. இப்ப இவதான் பாடணும். அந்த ஊட்டுல வேற ஆளு ஏது?"

காத்தாயி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "ரேடியோவுல உங்க பேத்தி பாட ஆரம்பிச்சதும் எனக்கு ஒரே சந்தோசம்மா. பன்னெண்டு வருசம் கழிச்சி வேற ஆளு பாடுது, நான் என் தம்பிக்கு ஓ சொல்லலாம்னு டீக்கடைக்கு முன்னால வாயத் தொறந்துனு நின்னேன். பேரே வரல."

நீலாவதி, இதற்கு மேல் ஆயா என்ன எழுதுவேன். அந்த மணலில் நின்றுகொண்டு அழுதேன். அவள் அழவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ பாடலாமா என்று மட்டும் கேட்டேன். "பாடட்டும். பேர மாத்தாம பாடட்டும். ஒவ்வொரு பேருக்கும் அப்பால கொஞ்சம் எடம் உடச் சொல்லுங்க" என்றாள்.

ஆகையால் இருபதாம் தேதி நீ இதைத்தான் பாட வேண்டும். முன்னால் பேசச் சொன்னால், இது மரக்காணம் பக்கம் குப்பத்துக் காத்தாயியின் அம்மா கட்டியது, எங்கள் ஆயா பொய் சொல்லிவிட்டாள் என்று சொல். வார்த்தையை மெழுகாதே. பரிசு கொடுத்தவர்கள் கேட்டாலும் அதையே சொல். உனக்கும் தலைகுனிவு வரும். கூடப் படிக்கிற பெண்கள் ஏதாவது பேசுவார்கள். நீ செய்யாத தப்புக்கு உன்னைத் தலை குனிய வைக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. உன் நைனாவிடம் இன்றைக்கு மத்தியானம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடையை விட்டு எழுந்து போனவன் இன்னும் என்னோடு பேசவில்லை. பத்திரிகைக்கும் என் கையாலேயே எழுதிப் போட்டிருக்கிறேன்.

கூடப் பாடுகிற பெண்கள் நாலு பேருக்கு ஓ சொல்லட்டும். பச்சமுத்து பேருக்கு மட்டும் யாரையும் சொல்லவிடாதே, நீயும் அவசரப்பட்டு அடுத்த அடிக்குப் போகாதே. ரேடியோக்காரர்கள் என்ன சும்மா நிற்கிறாய் என்று கேட்டால், ஒரு அம்மாள் பதில் சொல்ல வேண்டும் என்று சொல். அது என்றைக்கு ஒலிபரப்பாகும் என்று தேதியையும் மணியையும் கேட்டு உடனே கார்டு போடு. நான் காத்தாயியிடம் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். தீர்க்காயுசாக, உண்மையான வாயோடு இருக்க வேண்டும். ஆயா மேல் கோபம் இருந்தால் வைத்துக்கொள், எழுதாமல் மட்டும் இருக்காதே.

இன்னும் ஒன்று. நான் கிளம்பும்போது காத்தாயி பஸ் வரைக்கும் வந்தாள். "அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்குதும்மா, ஒசரமா?" என்று கேட்டாள். நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவள் உன்னைப் பார்க்கவில்லை. பத்திரிகையில் வந்த போட்டோவைக் காட்ட மனசு வரவில்லை, அதில் உன் பக்கத்தில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நீ தனியாக நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. எனக்கு வேண்டாம். அவள் விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நேரே அங்கே அனுப்பு.

உன் ஆயா,
உண்ணாமலை