கை இல்லாத ஏழு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய், காலை 10.40

இந்த மாத வெளியீடு மூன்று. மொத்தம் 112 நிமிடம். மூன்றிலும் இரைச்சலை நீக்கி, சமன்படுத்தி, அடுத்த புதனுக்குள் இசைத்தட்டு அச்சிடுகிற இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

முதலாவதில் இரண்டு கிட்டார்கள் ஒரே ஸ்வரத்தை அரை மணி நேரம் இழுக்கின்றன. அட்டையில் சைகடெலிக் ட்ரோன் என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் பல் டாக்டர்தான் ஞாபகம் வந்தார். இரண்டாவதில் எதிரொலியை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், வாசிக்கத் தெரியாததை மறைக்க.

மூன்றாவது மச்சானுடையது. அக்கா புருஷன். 41 நிமிடம், வீட்டிலேயே அவன் தனியாக ஒரே மூச்சில் பதிந்தது. ஆளை அடித்துப் போடுகிறது. அதிலும் 19-ஆம் நிமிடத்திலிருந்து 26 வரை ஒலி தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்கிறது. நடுவே மூன்று முறை அடியில் ஏதோ இடிக்க, கம்பிகள் உதறி மறுபடி ஒன்று சேர்கின்றன. அறிமுகக் குறிப்பில் எழுதினேன்: 'இங்கே தரையே மூச்சு வாங்குகிறது.'

கம்பெனி நடத்துகிற தாடி படித்துவிட்டுச் சிரித்தான். "மச்சானைப் புகழ்ற முதல் ஆளு நீதான்டா. காய்ச்சலா?"

மார்ச் 5

அக்கா கையில் மாவுக்கட்டு. ஞாயிறு மதியம் குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். எனக்கு இன்றுதான் தெரிகிறது. கழுத்தில் என்ன காயம் என்றால் காலரை இழுத்து மூடுகிறாள்.

"யாரு தூக்குனா?"

"நானேதான்டா எழுந்தேன். கோர்ட்டா நடத்துறே?"

மச்சான் முந்திக்கொண்டான். "நான் உள்ள ரெக்கார்டிங்ல இருந்தேன் மாப்ள. ஆம்ப்ளிஃபயர் அந்த அலறு அலறுது, எனக்கு எப்படிக் கேக்கும்? நீயே கேட்டிருப்பியே, நாப்பத்தோரு நிமிஷம், கம்பிய விட்டு கைய எடுக்கவே இல்ல."

மார்ச் 6

கையை எடுத்தானா என்று நான் கேட்கவே இல்லையே.

மார்ச் 7, மாலை 4.15

கோப்பின் தேதி: மார்ச் 1, ஞாயிறு, மதியம் 2.52.

கை இருந்தால் கை தெரியும். விரல் நகர்ந்தால் கம்பி கீச்சிடும். உள்ளங்கை வைத்தால் ஒலி ஒரு நூல் மங்கும். எவ்வளவு பெரிய கொம்பனுக்கும் மணிக்கட்டு நடுங்கும். மச்சானின் நடுக்கம் எனக்கு அத்துப்படி. ஆறு வருடமாக அவனைப் பதிகிறேன்.

19.08 வரை நடுக்கம் இருக்கிறது. 26.30-க்குப் பிறகு இருக்கிறது, முன்னைவிட அதிகமாக. நடுவில் ஒன்றுமில்லை. கிட்டாரை ஆம்ப் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாய்த்து வைத்தால் ஆம்பின் ஒலியே கம்பியை அதிரவைக்க, அது தானே கத்திக்கொண்டிருக்கும். யாரும் வேண்டாம்.

21.14. 21.17. 21.40. மூன்று இடி. தரை வழியாக வந்து கம்பியை உதறியவை.

தரை மூச்சு வாங்குதாம். த்தூ. எழுதின கையை உடைக்கணும். எங்க அக்கா அடி வாங்கினதுக்கு நான் மார்க் போட்டிருக்கேன்.

மார்ச் 8

போனேன். அவன் ஆம்ப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

"பத்தொன்பதுல இருந்து இருபத்தாறு வரைக்கும் எங்க இருந்தே?"

"தண்ணி குடிக்கப் போனேன்."

"ஏழு நிமிஷமா? கிணறு வெட்டியா?"

சிரித்தான். சிரிக்காமல் இருந்திருக்கலாம். சட்டையைப் பிடித்து அவனை ஸ்பீக்கர் பெட்டியில் மோதவைத்தேன். மூக்கு உடைந்தது. மறுபடி மோதவைத்தேன். இன்னொரு முறை. கிட்டார் சரிந்து ஊளையிடத் தொடங்கியது. பல் ஒன்று தரையில் கிடந்தது. என்னை அறியாமல் எண்ணியிருக்கிறேன் — மூன்று.

வாசலில் அக்கா. ஓடி வரவில்லை. நல்ல கையால் தலையை மூடிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

என்னைப் பார்த்து. அவனைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

"போடா," என்றாள். "நீயும் போ."

மார்ச் 9

பெட்டியில் இடித்த விரல் முட்டிகள் வீங்கியிருக்கின்றன. வேலை ஓடவில்லை.

மார்ச் 10, செவ்வாய், பகல் 12.20

தாடியிடம் எல்லாம் சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டான். "அந்த ஏழு நிமிஷத்த மட்டும் வெட்டிட்டுப் போட்ரலாமா?" கேட்டு முடிப்பதற்குள் அவன் முகமே சுருங்கிவிட்டது. "வேணாம். நான் கேக்கல."

பதினொன்றரைக்கு அக்கா வந்தாள். கையில் ஒரு பை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "அதப் போடு. நான் கேக்கணும்."

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். 21.14-ல் மாவுக்கட்டு மேசையில் தட்டியது.

"இது கதவு." மூன்று விநாடி. "இது நான்." பிறகு வெகுநேரம் கழித்து, "இது அலமாரி. நான் எழுந்திரிக்கப் பார்த்தப்போ."

கழற்றி வைத்தாள். "வழுக்கித்தான் விழுந்தேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்டா. தரை ஈரமா இருந்துச்சுன்னுகூட ஞாபகம் வந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ பேசாத. முந்தாநேத்து நீ பேசினது போதும். போலீஸ்ல நான் பேசிக்கறேன்."

செய்ய வேண்டியவை:

1. அச்சுக்கு இரண்டு வெளியீடு மட்டும் அனுப்புவது. மூன்றாவது இல்லை. தாடி ஒப்புக்கொண்டான்.
2. மூலக் கோப்பைத் தொடாமல், தேதி மாறாமல், மூன்று பிரதி எடுப்பது. ஒரு இரைச்சலைக்கூட நீக்கக் கூடாது.
3. மூன்று மணிக்கு அக்காவோடு போலீஸ் நிலையம். அவள் பேசுவாள். கேட்டால் மட்டும் நான் நிமிடக் கணக்கு சொல்வேன்.
4. அவன் மூக்கையும் பல்லையும் உடைத்தது நான் என்று, கேட்காவிட்டாலும் சொல்வது.
5. அறிமுகக் குறிப்பை அழிப்பது.
6. என் அறை மின்விசிறி ஒரே ஸ்வரத்தில் முனகுகிறது. போவதற்கு முன் கழற்றிச் சரிசெய்வது. இனி அக்கா அங்கேதான் தூங்கப் போகிறாள்.