விதானத்தின் முன்கம்பு

கொர்பீனியன்,

பவனி வரும் வழியில் பிர்ச் மரக் கிளைகள் நட அதிகாலையிலேயே கோயிலுக்குப் போகிறேன். நீ கிளம்பும்போது வீட்டில் இருக்க மாட்டேன். வழிக்கு ரொட்டியும் பன்றி இறைச்சியும் பிரிட்ஜில் இருக்கின்றன. சாவியைக் கோழிக்கூட்டு ஆணியில் மாட்டிவிடு.

"ஸ்லோவேனியா குட்டி நாடுப்பா, நாலே நாள்ல சுத்திடலாம். லீவு இப்படிச் சேர்ந்தாப்புல எப்ப வருது?" என்றாய். நற்கருணைத் திருநாள் என்பதால்தான் இந்த வியாழக்கிழமை லீவு. அந்தத் திருநாளில் சாமிக்கு மேலே விதானம் பிடிக்கத்தான் நீ இல்லை.

நான்கு தலைமுறையாக அதன் வலது முன்கம்பு நம் வீட்டார் கையில் இருக்கிறது. நேற்று கோயில் வாசலில் பக்கத்து வீட்டுக் காஸ்பர் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "என்ன, உன் பையன் ஊர் சுத்தப் போறானாமே? என் மருமகன் சும்மாதான் இருக்கான், பிடிக்கச் சொல்லட்டுமா?" நானே பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுபத்தாறு வயதுத் தோள் தாங்குமா என்று நீ கவலைப்பட வேண்டாம்.

அப்பா

பி.கு: உனக்கு முதுகுப் பிடிப்பு, படுத்திருக்கிறாய் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். "பாவம், நல்ல பையனாச்சே" என்றார். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அங்கே ஏரியில் படகுத் துடுப்புப் போடும் படங்களை ஊருக்கு அனுப்பி வைக்காதே.

இன்னொன்று. பத்து மணிக்கு முன்பே கிளம்பிவிடு. பவனி சந்தைத் தெருவில் திரும்பும்போது உன் கார் எதிரே வந்தால், கம்பைப் பிடித்திருக்கும் கைகளால் நான் முகத்தை மூடிக்கொள்ள முடியாது.