வியாழக்கிழமை மூன்று மணி

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நகரவில்லை. இரும்புலியூர் வந்து மையத்தைத் திறக்கும்போது மணி பத்தரை.

செய்ய வேண்டியவை: மாடி ஒழுகுவதை வீட்டுக்காரரிடம் மறுபடி சொல்ல. சிவப்பு கிரேயான் (எப்போதும் அதுதான் முதலில் தீர்கிறது). எனக்கு பி.பி. மாத்திரை.

மானியம் இன்னும் வரவில்லை. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்கான எங்கள் மையம் ஓடுவதே அரசு தரும் மானியத்தில்தான். போன மாதத்தோடு அது முடிந்துவிட்டது. புதுப்பிக்க ஓர் அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுத வேண்டுமாம். எப்போது வருவார், சொல்ல மாட்டார்களாம். இந்த மாதத்துக்குள் வராவிட்டால், பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர் மஞ்சுவை வேலையை விட்டு அனுப்ப வேண்டியதுதான். மஞ்சு இல்லாமல் பிள்ளைகளுக்கு இங்கே என்ன இருக்கிறது? கிரேயானும் நானும். நான் கதவு திறக்கிறவள், ஃபைல் அடுக்குகிறவள்.

தலைவி சாந்தி அக்கா போனும் கையுமாக அலைகிறார். சாப்பிடவில்லை.

அக். 9, வியாழன்

நல்ல மழை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு பூநாரை வந்தாள். பெயரை இங்கேகூட எழுத மாட்டேன். எங்கள் ஃபைல்களில் பெயர் கிடையாது, பிள்ளைகளே தேர்ந்தெடுத்த படம்தான். இவள் எடுத்தது பூநாரை. ஒன்பது வயது. வீட்டிலேயே, உறவுக்காரன். இப்போது ஜெயிலில் இருக்கிறான், அங்கேயே இருக்கட்டும். ஆறு வாரமாக வருகிறாள், மஞ்சுவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசல் பக்கம் முதுகு காட்டி உட்கார மாட்டாள்.

அம்மா கீழ்க்கட்டளையில் மீன் விற்பவர். வராந்தாவில் கூடையோடு உட்கார்ந்து கேட்டார்: "இன்னா மேடம், கவர்மெண்ட் துட்டு வரலன்னா மூடிடுவீங்களாமே?"

"யார் சொன்னது?" என்றேன். முகம் காட்டிக்கொடுத்திருக்கும்.

மூன்று பத்துக்கு ஒருவர், நனைந்த பேன்ட், கையில் ஃபைல். ஆய்வுக்கு வந்திருக்கிறாராம். அந்த அதிகாரியேதான். சாந்தி அக்காவோ அவரைப் பார்க்கத்தான் செங்கல்பட்டு போயிருக்கிறார்.

எங்கள் விதி: ஒரு பிள்ளையின் நேரம் நடக்கும்போது உள்ளே தாழ்ப்பாள். கலெக்டரே வந்தாலும் வெளியேதான்.

"சார், மூணே முக்கால் வரைக்கும் வெயிட் பண்ணணும்."

"அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுவேம்மா. எனக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு."

"குழந்தை உள்ளே இருக்கு சார்."

நாற்காலியை இழுத்து, மீன் கூடை பக்கத்திலேயே உட்கார்ந்தார். சாரல் அவர் மேல்தான் அடித்தது. டீ கொடுக்கக்கூட வழியில்லை, அடுப்பு உள்ளே.

மீன்காரம்மாவுக்கு அவர் யாரென்று தெரியாது. "உங்க பிள்ளைய கூட்டிகினு வந்தீங்களா சார்?" என்று ஆரம்பித்தார். "எம்பொண்ணு ராவுல கத்திகினே எழுந்துக்கும். ரெண்டு வாரமா தூங்குது. நானும் தூங்குறேன்." அதிகாரி மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றே முக்காலுக்குத் தாழ்ப்பாள் திறந்தது. பத்து நிமிடம் சுற்றிப் பார்த்தார், ஒழுகும் இடத்தையும் சேர்த்து. போய்விட்டார்.

பிறகு மஞ்சு என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னாள். பூநாரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் வாய் திறந்திருக்கிறாள்.

"அந்த சார் ஏன் உள்ள வரல?"

"இது உன் நேரம். முடியற வரைக்கும் யாரும் வரக் கூடாது."

"பெரிய ஆளுகூடயா?"

"பெரிய ஆளுகூட."

ஆறு வாரத்தில் முதல் பேச்சு. மஞ்சு அழுதாள். நானும்.

அக். 10, வெள்ளி

சாந்தி அக்கா காலையில் கத்தித் தீர்த்தார். "விதி நான் போட்டதுதான். அதுக்காக நம்ம தலையெழுத்தை எழுதறவரையா மழையில உட்கார வைப்பே?" மத்தியானம் தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை என் தட்டில் வைத்தார். மன்னிப்பு அப்படித்தான் வரும் அவரிடமிருந்து.

ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. ஒரு பிள்ளைக்காகக் கதவை மூடி, மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் மூடிவிட்டேனோ.

அக். 22, புதன்

தீபாவளி லட்டு மிச்சம், எறும்பு. மானியம் பற்றித் தகவல் இல்லை. மஞ்சு பள்ளிக்கரணையில் ஒரு பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். என்னிடம் மட்டும் சொன்னாள். திட்ட மனம் வரவில்லை.

அக். 30, வியாழன்

வெயில், திடீரென்று. மாடிக்குத் தார் பூச ஆள் வந்தாயிற்று.

மூன்று மணி, பூநாரை. தாழ்ப்பாளை அவளே போட்டாள், எட்டி, கால் விரலில் நின்று.

மூன்று இருபதுக்கு சாந்தி அக்கா தெருமுனையிலிருந்தே ஓடி வந்தார், கையில் காகிதம். ஆணை. இரண்டு வருடத்துக்கு. கூடவே அந்த அதிகாரியின் அறிக்கை நகல். ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினார்: "குழந்தையின் நேரம் முடியும்வரை ஆய்வு அலுவலரையும் உள்ளே அனுமதிக்கவில்லை. மையம் தொடரப் பரிந்துரைக்கிறேன்."

அக்கா தன் விதியையே மறந்துவிட்டார். "மஞ்சு, மஞ்சு, மானியம் வந்துடுச்சு, திற" என்று கதவைத் தட்டினார்.

உள்ளிருந்து குரல். மஞ்சுவுடையது இல்லை.

"இருங்க. என் டைம் இன்னும் முடியல."

வராந்தாவில் இருந்த மீன்காரம்மா எழுந்து நின்றுவிட்டார். அக்கா கையை இறக்கிக்கொண்டு, அதிகாரி உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னும் இருபத்தைந்து நிமிடம்.